மந்திரி நாற்காலியா, மக்கள் பலமா?



தேர்தல் என்ற பேச்சு எழுந்தால் போதும், சிறிய கட்சிகளுக்கு உபதேசம் செய்ய ஒரு கூட்டமே கிளம்பிவிடுகிறது. மில் வாசலிலும், களத்து மேட்டிலும், டீக்கடை பெஞ்சிலும் அந்த உபதேசம் கேட்கிறது. பெரிய பத்திரிகைகளின் தலையங்கங்களிலும் அதே குரல்தான்.

"இரண்டு பேர், நாலு பேர் சட்டசபைக்குப் போய் என்ன செய்துவிடப் போகிறார்கள்? சின்னக் கட்சிக்குப் போடும் ஓட்டு வீண் ஓட்டு" என்கிறார் ஒருவர்.

"பெரிய கட்சியோடு சேர்ந்துதானே ஜெயித்தீர்கள்? அப்புறம் அந்தக் கட்சியின் சர்க்காரைக் குறை சொல்லலாமா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யலாமா?" என்கிறார் இன்னொருவர்.

"ஆதரவு கொடுப்பதுதான் கொடுக்கிறீர்கள், இரண்டு மந்திரிப் பதவியை வாங்கிக் கொள்ளுங்கள். ஜனங்களுக்கு நாலு காரியமாவது நடக்கும்" என்கிறார் மூன்றாமவர்.

"யாரோடும் சேராதீர்கள். தனியாக நின்று தோற்றாலும் அதுதான் சுத்தம்" என்கிறார் நாலாமவர்.

நால்வரும் நாலு திசையில் இழுக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நால்வருக்கும் பூரண ஒற்றுமை. சட்டசபைக்குள் இருக்கும் தலைகளை மட்டுமே இவர்கள் எண்ணுகிறார்கள். சபைக்கு வெளியே தறி ஓட்டுகிறவனும், நாற்று நடுகிறவளும் இவர்கள் கணக்கில் வருவதே இல்லை. ஆகவே இந்த நான்கு உபதேசங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, நடந்த சரித்திரத்தோடு உரைத்துப் பார்ப்போம்.

சுத்தம் பேசுவோர் கணக்கு

முதலில் நாலாமவரைக் கவனிப்போம். இவருடைய யோக்கியதையில் நமக்குச் சந்தேகமில்லை. இவருடைய கணக்குத்தான் தப்பு.

நம் நாட்டுத் தேர்தல் முறை என்ன? ஒரு தொகுதியில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவருக்கே இடம். மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுகளுக்கு மதிப்பே கிடையாது. 1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி நூற்றுக்கு 35 ஓட்டு வாங்கியது. 126 இடங்களில் 60 கிடைத்தன. சுயேச்சைகள் ஆதரவோடு மந்திரிசபை அமைந்தது. 1959 ஜூலை 31-ந் தேதி மத்திய சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது. 1960-ல் மறுதேர்தல் நடந்தது. அப்போது அதே கட்சிக்கு நூற்றுக்கு 39 ஓட்டு. ஓட்டு கூடியது! இடங்களோ 26 ஆகக் குறைந்தன. காரணம் என்ன? காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் மூன்றும் ஒன்று சேர்ந்து எதிர்த்து நின்றன.

ஓட்டுப் பெருகியும் இடம் குறையும்படியான ஏற்பாடு இது. இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டு "யாரோடும் சேர மாட்டேன்" என்பவர், எதிரிகளெல்லாம் கூடி நிற்கும் களத்தில் தான் மட்டும் ஒற்றையாக நிற்கிறேன் என்கிறார். இது வீரமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வீரத்துக்கு விலை கொடுப்பவன், தன் குறையைச் சபையில் எடுத்துச் சொல்ல ஒரு வாயும் இல்லாமல் போகும் கூலிக்காரன்தான். ஆகவே உடன்பாடு வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வியல்ல. எதற்காக உடன்பாடு, எந்த எல்லை வரை உடன்பாடு என்பதே கேள்வி.

"வீண் ஓட்டு" என்பது யாருக்கு?

இப்போது முதலாமவர். நாலு பேரால் ஒன்றும் ஆகாது என்கிறார் இவர்.

2004-ல் பார்லிமெண்டுக்கு இடதுசாரிக் கட்சிகளிலிருந்து அறுபது பேர் அளவில் சென்றார்கள். அவர்கள் ஆதரவில்லாமல் மத்திய சர்க்கார் நிற்க முடியாத நிலை. அந்தப் பார்லிமெண்ட்தான் 2005-ல் கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆண்டுக்கு 100 நாள் வேலை கேட்டுப் பெறும் உரிமை, நாடு முழுவதும் கிராமத்து ஏழைக்கு முதல் முறையாகச் சட்டமாயிற்று. அதே ஆட்சியில் பொதுத்துறை ஆலைகளின் பங்குகளை விற்கும் முயற்சிகள் தடைபட்டன.

2024 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 4, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2, கம்யூனிஸ்ட் கட்சி மார்க்சிஸ்ட் லெனினிஸ்ட் விடுதலைக்கு 2, ஆக 8 இடங்கள்தான். 2025 நவம்பர் 21-ந் தேதி, 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. எல்லாத் தொழிற்சாலைகளிலும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது அவற்றில் ஒரு ஷரத்து. அடுத்த மாதமே வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் கொண்டுவரப்பட்டது.

அறுபது பேர் இருந்தபோது வந்தது, எட்டுப் பேராகக் குறைந்தபோது போனது. இதற்குப் பிறகும் "வீண் ஓட்டு" என்று சொல்லலாமா? அந்த ஓட்டு வீணாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் யார் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இதோடு பேச்சு முடியவில்லை. சபையில் ஆள் இருந்தால் மட்டும் போதுமா? அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதல்லவா முக்கியம்! இங்கேதான் மூன்றாமவரின் மந்திரி நாற்காலி உபதேசம் வருகிறது.

நாற்காலியில் அமர்ந்தவர்கள் கதை

1952 பொதுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62. மக்கள் காங்கிரஸைத் தோற்கடித்துவிட்டார்கள். எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஐக்கிய முன்னணி அமைத்தன. ஆனால் கவர்னர் அழைத்தது யாரை? தேர்தலிலேயே நிற்காமல், மேல்சபைக்கு நியமனம் பெற்று வந்த ராஜகோபாலாச்சாரியாரை!

பெரும்பான்மை இல்லாத மந்திரிசபை எப்படி நின்றது? சிறிய கட்சிகளைத் தன் பக்கம் இழுத்துத்தான் நின்றது. காங்கிரஸை எதிர்த்து ஓட்டுக் கேட்டு வென்ற கட்சிகளில் இரண்டு, உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும். முன்னதற்கு 19 இடம், பின்னதற்கு 6 இடம். வடதமிழ்நாட்டு மாவட்டங்களில் ஏழைக் குடியானவர்கள் நம்பிக்கையோடு போட்ட ஓட்டுகள் அவை. காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் ஆச்சாரியார் மந்திரிசபையில் மந்திரியானார். 1954-ல் காமராஜ் மந்திரிசபை வந்தபோது உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமி படையாட்சியாரும் மந்திரியானார். கட்சிகள் என்ன ஆயின? இரண்டும் காங்கிரஸில் கரைந்தே போயின.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்தாரே, அரை நேரம் பள்ளிக்கூடம், அரை நேரம் அப்பன் தொழில் என்ற கல்வித் திட்டம்! குலக்கல்வி என்று நாடே கொதித்ததல்லவா? அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த மந்திரிசபையில்தான் ஏழைக் குடியானவரின் ஓட்டு வாங்கிச் சென்ற காமன்வீல் மந்திரியும் உட்கார்ந்திருந்தார். ஏர் ஓட்டுபவன் மகன் ஏரே ஓட்ட வேண்டும் என்ற திட்டத்துக்கு, ஏர் ஓட்டுபவனின் பிரதிநிதியும் உடந்தை! நாற்காலியால் நடக்கும் "நாலு காரியம்" இதுதானா?

இதைவிடப் பெரிய பாடம் 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் கிடைத்தது. 117 இடங்களுக்கான தேர்தலில் காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19. அந்த 19 பேரை வைத்துக்கொண்டு பட்டம் தாணு பிள்ளை முதல் மந்திரியானார். முட்டுக் கொடுத்தது யார்? 45 பேருள்ள காங்கிரஸ்! பெரிய கட்சி வெளியே நிற்கிறது, சிறிய கட்சி நாற்காலியில் அமர்கிறது. இதைப் பார்த்து அன்று பலர் ராஜதந்திரம் என்று மெச்சினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ந் தேதி, தமிழ்நாட்டோடு இணைய வேண்டுமென்று கிளர்ச்சி செய்த தென் திருவிதாங்கூர் தமிழ் மக்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் பலியாயின. சுட்ட போலீஸ் சோஷலிஸ்ட் மந்திரிசபையின் போலீஸ்! அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா அப்போது சிறையில் இருந்தார். அங்கிருந்தே, மந்திரிசபை ராஜினாமாச் செய்ய வேண்டும் என்று கோரினார். மந்திரிசபை மறுத்தது. தகராறு முற்றி, 1955-ல் அகில இந்தியக் கட்சியே பிளந்தது.

முட்டுக் கொடுத்த காங்கிரஸ் என்ன செய்தது? 1955 பிப்ரவரியில் முட்டை உருவிக்கொண்டது. மந்திரிசபை விழுந்தது. காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. ஓராண்டுகூட நிறைவடையாத நாற்காலிக்கு அந்தக் கட்சி கொடுத்த விலை, மக்களின் ரத்தமும் தன் ஒற்றுமையும்!

பாடம் படித்தார்களா? இல்லை. 1960-ல் கேரளத்தில் காங்கிரஸுக்கு 63, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 20. மறுபடியும் பட்டம் தாணு பிள்ளையே முதல் மந்திரி. கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க அவர் தேவைப்பட்டார். தேவை தீர்ந்ததும் 1962-ல் அவரைப் பஞ்சாப் கவர்னராக அனுப்பிவிட்டு, காங்கிரஸின் ஆர். சங்கர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். மூன்றாவது கூட்டாளியான முஸ்லிம் லீக் 11 இடம் வென்றும் அதற்கு மந்திரிப் பதவியே கொடுக்கவில்லை, சபாநாயகர் பதவியோடு நிறுத்திவிட்டார்கள்.

காரணம் வெளிப்படை. போலீஸ், பட்ஜெட், பெரும்பான்மை மூன்றும் பெரிய கட்சியின் பிடியில் இருக்கும்போது சிறிய கட்சி நாற்காலியில் உட்கார்ந்தால், அதிகாரம் அவர்களுக்கு, பழி நமக்கு!

நாற்காலி இல்லாமல் வந்த சட்டம்

"அப்படியானால் நாற்காலி இல்லாமல் எதைச் சாதிக்க முடியும்?" என்று கேட்பார்கள். தஞ்சைத் தோழர்களைக் கேளுங்கள்!

கம்யூனிஸ்டுகளைத் தமது முதல் எதிரி என்று பகிரங்கமாக அறிவித்தவர் ஆச்சாரியார். அவருடைய மந்திரிசபையில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு ஒரு மந்திரியும் கிடையாது. ஆனால் அதே ஆச்சாரியார் சர்க்கார் 1952 ஆகஸ்டில் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பிக்க வேண்டி வந்தது. மிராசுதார் நினைத்த நேரத்தில் பண்ணையாளை விரட்டுவதற்குத் தடை வந்தது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று எழுதப்பட்டது. நிலத்தைப் பல பேரில் எழுதி வைத்து மிராசுதார்கள் சட்டத்துக்குத் தப்பப் பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண்ணில் பண்ணையாளுக்குச் சட்டப்படி ஓர் உரிமை உண்டு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது.

இதை வாங்கித் தந்தது எது? சங்கமாகத் திரண்ட பண்ணையாட்கள் வயலில் நின்றார்கள். சட்டசபையில் 62 பேர் அவர்கள் குரலாக நின்றார்கள். வயலில் பலம் இல்லாமல் சபையில் 62 பேர் இருந்திருந்தால் பேச்சோடு போயிருக்கும். சபையில் குரலே இல்லாமல் வயல் மட்டும் கொதித்திருந்தால் லத்தியோடு அடக்கப் பார்த்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் எதிரியின் பேனாவே எழுதியது.

2006-லும் இதே கதைதான். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளில் 10 சதவீதத்தை விற்க மத்திய சர்க்கார் முடிவு செய்தது. நெய்வேலித் தொழிலாளிகள் ஒன்றுபட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தச் சர்க்காரில் பங்கு வகித்த தி.மு.க.வுக்குப் பார்லிமெண்டில் இருந்தவர்கள் 16 பேர். தொழிலாளிகள் சுரங்கத்தை நிறுத்திய பிறகு, அந்தப் 16 பேரின் தலைமையும் விலகுவோம் என்று சொல்ல வேண்டி வந்தது. 2006 ஜூலையில் நெய்வேலி மட்டுமல்ல, பங்கு விற்பனை முடிவுகள் எல்லாவற்றையும் சர்க்கார் நிறுத்தி வைத்தது.

வாய்க்குப் பூட்டா?

இனி இரண்டாமவர். "சேர்ந்து ஜெயித்தீர்கள், ஆகவே வாயை மூடுங்கள்" என்கிறாரே, இவருக்குத்தான் நாம் அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பேச்சு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. சங்க அலுவலகத்துக்குள்ளேயே சில சமயம் நுழைந்துவிடுகிறது. "நம்ம கூட்டணி சர்க்கார் நடக்கிறது, இப்போது போய் கேட் மீட்டிங்கா? பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அது மெதுவாகப் பேசுகிறது.

பொறுத்தால் என்ன நடக்கும்? 1967-ல் காங்கிரஸை வீழ்த்த தி.மு.க. தலைமையில் உடன்பாடு ஏற்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சி அதில் சேர்ந்து 11 இடங்களை வென்றது. தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மையே கிடைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கோட்டையில் கட்சி மாறியது. கீழத்தஞ்சையில் மிராசுதாரின் கை மாறவில்லை. தஞ்சை விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. அதற்கு முன்னே அந்த 44 உயிர்கள் போய்விட்டன.

தேர்தல் உடன்பாடு என்பது ஓட்டுச் சாவடியில் ஒரு பெரிய எதிரியை வீழ்த்த உதவும். வயலில் உள்ள எதிரியை அது வீழ்த்தாது. அங்கே சங்கம் தூங்கக் கூடாது. இதுதான் வெண்மணி எழுதிவைத்த பாடம்.

"நீங்கள் எதிர்த்தால் சர்க்கார் கவிழும், அதைவிடக் கொடியவன் வந்துவிடுவான்" என்று பயமுறுத்துவார்கள். கொடியவன் வரக் கூடாது என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. அதற்காகத்தானே உடன்பாடே! ஆனால் எதிர்ப்பதெல்லாம் கவிழ்ப்பதா? 2023-ஐப் பாருங்கள்.

2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த மசோதா அது! தி.மு.க.வுக்குச் சபையில் தனிப் பெரும்பான்மை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் தலா 2 பேர். விடுதலைச் சிறுத்தைகளுக்கு 4 பேர். கை தூக்கி எண்ணினால் இவர்கள் எட்டுப் பேர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அதே கூட்டணியில் வென்ற அவர்கள் "இல்லை" என்றார்கள், வெளிநடப்புச் செய்தார்கள். வெளியே எல்லாச் சங்கங்களும் கிளம்பின. வேலைநிறுத்தம் அறிவித்தன. ஆளும் கட்சியின் சங்கமான தொ.மு.ச.வும் மசோதாவை எதிர்த்தது. மூன்றே நாளில், ஏப்ரல் 24-ந் தேதி, மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வரே அறிவித்தார்.

சர்க்கார் கவிழ்ந்ததா? இல்லை! கொடியவன் வந்தானா? இல்லை! கவிழ்ந்தது 12 மணி நேர மசோதா ஒன்றுதான். அந்த எட்டுப் பேரும் கூட்டணி தர்மம் என்று வாயை மூடியிருந்தால், சபையில் ஒருமனதாக நிறைவேறியது என்று முதலாளிகள் மேளம் கொட்டியிருப்பார்கள்.

மிரட்டலுக்கும் எல்லை உண்டு

ஒரு விஷயத்தை நாம் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். "ஆதரவை வாபஸ் வாங்குவோம்" என்பது சிறிய கட்சியின் கையில் உள்ள பெரிய ஆயுதம். ஆனால் ஒரு முறைதான் வெடிக்கும் ஆயுதம். அதுவும், நம் இடத்தை நிரப்ப வேறு ஆள் இல்லாத வரைதான் அதற்கு மதிப்பு. 2008-ல் அமெரிக்காவோடு செய்த அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். அதுவரை எதிர்வரிசையில் இருந்த சமாஜ்வாதிக் கட்சி அந்த இடத்தில் ஓடி வந்து உட்கார்ந்தது. ஜூலை 22-ந் தேதி 275-க்கு 256 என்ற கணக்கில் சர்க்கார் தப்பியது. 1952-ல் ஆச்சாரியாருக்கு உழைப்பாளர் கட்சி கிடைத்ததுபோல், ஆளுகிறவனுக்கு எப்போதும் யாரோ ஒருவர் கிடைத்துவிடுவார்.

ஆனால் வேலைநிறுத்தம் செய்கிற நெசவாளியின் இடத்தில் உட்கார்ந்து தறி ஓட்ட சமாஜ்வாதிக் கட்சி வராது. நடவு நடும் பெண்கள் கரையேறினால் சேற்றில் இறங்க எந்த எம்.பி.யும் வர மாட்டார். சபையில் நமக்கு மாற்று ஆள் உண்டு. ஆலையிலும் வயலிலும் நமக்கு மாற்று ஆள் இல்லை. நமது பலம் எங்கே வேரூன்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நாம் சொல்வது இதுதான்.

உடன்பாடு கொள்வோம். ஆனால் நிபந்தனைகளை அறைக்குள் முடிக்காமல் பகிரங்கமாக மேடையில் வைப்போம். எட்டு மணி நேர வேலை, விவசாயக் கூலி, சங்கம் வைக்கும் உரிமை, குடிமனைப் பட்டா இவற்றில் பெரிய கட்சி என்ன வாக்குக் கொடுத்தது என்பது கடைசி ஓட்டருக்கும் தெரிய வேண்டும்.

ஆதரவு கொடுப்போம். ஆனால் சட்டத்துக்குச் சட்டம் பார்த்துக் கொடுப்போம். தொழிலாளிக்கு விரோதமான எந்த மசோதாவுக்கும் நம் பிரதிநிதியின் கை உயரக் கூடாது.

மற்றவன் பெரும்பான்மையில் நின்று, மற்றவன் போலீஸுக்குப் பதில் சொல்லும் மந்திரி நாற்காலி நமக்கு வேண்டாம்.

யார் ஆண்டாலும் சங்கத்துக்கு லீவு கிடையாது. தோழமைக் கட்சியின் சர்க்கார் என்பதற்காக ஒரு கோரிக்கையும் அலமாரியில் தூங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. சபைக் கூட்டம் முடிந்ததும் நாம் அனுப்பிய பிரதிநிதி மில் வாசலுக்கும் சேரிக்கும் வர வேண்டும். என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார், எதற்கு மறுத்தார் என்று கணக்குச் சொல்ல வேண்டும். அவர் வராவிட்டால் நாம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டும் வராதவரை அடுத்த முறை அனுப்பக் கூடாது.

ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு கிராமச் சங்கமும் இந்த ஐந்தையும் கூட்டத்தில் வைத்து விவாதியுங்கள். தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஓட்டுக் கேட்டு எந்தக் கொடி வந்தாலும், முதலில் அந்தத் தீர்மானத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் கேளுங்கள்!